டத்தோ பண்டாருக்கு ஓட்டா? மொதல்ல கவுன்சிலருக்கு ஓட்டு குடுங்க

கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, குடியிருக்கறவங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு ஓட்டுதான். எம்பிக்குப் போடறது. பினாங்குல இருக்கற எங்க அக்காவுக்கு ரெண்டு ஓட்டு, எம்பிக்கு ஒண்ணு, சட்டமன்றத்துக்கு ஒண்ணு. எங்க தாத்தா காலத்துல ஜார்ஜ்டவுன்ல ஓட்டுரிமை கெடச்சவங்களுக்கு மூணு இருந்துச்சு, நகராண்மைக் கழகத்துக்கும் சேத்து. கேஎல்லயும் அப்ப மூணுதான். 1961ல நகராண்மை ஓட்டு போச்சு, 1974ல சிலாங்கூர்லருந்து பிரிச்சு கூட்டரசுப் பிரதேசம்னு ஆக்குனப்ப சட்டமன்ற ஓட்டும் போச்சு. நாட்டோட தலைநகரம், சுமார் 20 லட்சம் பேரு இருக்கற ஊரு, ஆனா கெடா மாநிலத்துல ஒரு கம்போங்ல இருக்கறவர விட இங்க இருக்கறவனுக்கு ஒரு ஓட்டு கம்மி. இத யார்கிட்ட சொன்னாலும் “அப்படியா?”ன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு தே தாரேவக் குடிக்கப் போயிடுறாங்க.

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னா, டத்தோ பண்டார, அதாவது மாநகர மேயர, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா, இல்ல இப்ப இருக்கற மாதிரி மேலருந்து ஒரு அதிகாரியப் போடறதே நல்லதாங்கற சண்டை அப்பப்ப கெளம்பும், ரெண்டு வாரம் பேப்பர்ல ஓடும், அப்புறம் யாராவது ஒரு தலைவர் “இது இனப் பிரச்சனையக் கெளப்பிடும்”னு சொல்வாரு, அதோட அடங்கிடும். எங்க வீட்டுல மட்டும் அது அடங்கறதில்ல, ஏன்னா எங்க மாமா ஒருத்தர் இருக்காரு. பினாங்குல கவுன்சில் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு நியமனக் கட்சி. அதிகாரிதான் ஊர நடத்தணும், அரசியல்வாதி நடத்தக் கூடாதுங்கறதுல மனுஷன் அசைய மாட்டாரு.

அவரோட வாதம் லேசுப்பட்டது இல்ல, அதையும் சொல்லணும். “பாரு மாப்ள, லோங்காங் சாக்கடை எந்தப் பக்கம் சரிவு, பம்ப் ஹவுஸ் எங்க வைக்கணும், எத்தன மாடி வரைக்கும் அந்த மண்ணு தாங்கும், இதெல்லாம் இஞ்சினியருக்குத் தெரியுமா, மேடையில மைக் புடிக்கறவனுக்குத் தெரியுமா?”ன்னு கேப்பாரு. கேட்டுட்டு உதாரணத்தையும் அவரே எடுத்து வைப்பாரு. பினாங்குத் தீவு மாநகரா 2015ல ஆச்சு, அதோட முதல் டத்தோ பண்டார் பத்தாஹியா இஸ்மாயில், ஒரு பொம்பள. அவங்களுக்கு அடுத்து வந்தவங்க மைமுனா முகமட் ஷரிப், நகரத் திட்டமிடல் படிச்சவங்க, அங்கருந்து ஐநாவோட குடியிருப்புத் திட்டத்துக்கே தலைவியாப் போயிட்டாங்க, அப்புறம் 2024ல கேஎல்லோட முதல் பெண் டத்தோ பண்டாரா வந்தாங்க. 2023ல பினாங்குல ஒரு தமிழர், இராஜேந்திரன், டத்தோ பண்டார் ஆனாரு, கவுன்சிலுக்குள்ளயே வேலை பாத்து மேல வந்த இஞ்சினியர். “தேர்தல் வச்சிருந்தா இவங்கள்ல ஒருத்தராவது ஜெயிச்சிருப்பாங்களா சொல்லு?” இது மாமாவோட கேள்வி. அதுக்கு நேர் பதில் என்கிட்ட இல்ல, இருக்கற பதில் கொஞ்சம் சுத்தி வரும்.

மொதல்ல ஒரு பழைய கதை. பினாங்குல 1857லயே வீட்டு வரி கட்டறவங்க ஓட்டுப் போட்டு முனிசிபல் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்திருக்காங்க. அத 1913ல வெள்ளக்காரன் தூக்கிட்டான். மறுபடி 1951 டிசம்பர்லதான் ஜார்ஜ்டவுன்ல தேர்தல் வந்துச்சு. நாட்டுல பொதுத் தேர்தலே 1955லதான், அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே இது. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன மாநகரமாவும் ஆக்கிட்டாங்க, மலாயாவுலயே முதல் மாநகரம், மெர்டேக்காவுக்கு எட்டு மாசம் முன்னாடி. அடுத்த வருஷம் மேயரா வந்தவரு டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரரு. இன்னைக்கும் ஜார்ஜ்டவுன்ல அவரு பேர்ல ரோடு இருக்கு, பழைய ஸ்காட் ரோடு. அந்த ரோட்டுல தெனமும் காரு ஓட்டிட்டுப் போற பாதிப் பேருக்கு அவரு யாருன்னே தெரியாது.

இங்கதான் நம்ம மாமாவுக்கு நான் சொல்ற பதில் ஆரம்பிக்குது. இராமநாதன ஊரு மொத்தமும் நேரா ஓட்டுப் போட்டு மேயராக்கல. மக்கள் வார்டு வார்டா கவுன்சிலரத் தேர்ந்தெடுத்தாங்க, அந்தக் கவுன்சிலருங்க கூடித் தங்களுக்குள்ள ஒருத்தர மேயராக்குனாங்க. சீனர்கள் அதிகமா இருக்கற ஒரு ஊர்ல ஒரு தமிழரு மேயர் ஆனது இப்படித்தான். இனத்த எண்ணி ஓட்டுப் போட்டிருந்தா அது நடந்திருக்கவே வாய்ப்பில்ல, தொழிலாளர், வாடகை, தண்ணி, கரண்டுன்னு பேசுன ஒரு கட்சிக்கு ஓட்டு விழுந்துச்சு, அந்தக் கட்சி அவரு கையில ஊரக் குடுத்துச்சு. அந்த மாநகர மன்றத்துக்கு அப்ப சொந்தமா கரண்டு சப்ளை இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, டிராலி பஸ் ஓடுச்சு. காசும் இருந்துச்சு, ஆனா மன்றம் ஒரு கட்சி கையில, மாநிலமும் மத்திய அரசும் இன்னொரு கட்சி கையில. இது எவ்ளோ நாளைக்குத் தாங்கும்?

1965ல இந்தோனேசியாவோட கொன்ஃப்ரொந்தாசி மோதல் நடந்துட்டிருந்த நேரம். அவசரகாலம்னு சொல்லி நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல நிறுத்துனாங்க. நிறுத்தி வைக்கறோம்னுதான் சொன்னாங்க, ரத்துன்னு சொல்லல. அடுத்த வருஷமே கொன்ஃப்ரொந்தாசி முடிஞ்சிருச்சு, தேர்தல் மட்டும் வரல. ஜார்ஜ்டவுன் மன்றத்துல முறைகேடுன்னு புகார் வந்துச்சு, 1966ல அதோட அதிகாரத்த முதலமைச்சர்கிட்ட ஒப்படைச்சிட்டாங்க. புகார் மொத்தமும் ஜோடனைன்னு நான் சொல்ல மாட்டேன். கவுன்சிலருங்க எல்லாம் உத்தமனுங்க இல்ல, எந்த ஊர்லயும் இல்ல.

அந்த நேரத்துல அரசாங்கமே ஒரு அரச விசாரணை ஆணையம் போட்டுச்சு. தலைவரு செனட்டர் ஆதி நாகப்பன், மஇகாக்காரரு, அதாவது ஆளுங் கூட்டணி ஆளு. நாடு பூரா சுத்தி, ஆயிரத்தெட்டுப் பேரக் கேட்டு, 1968ல அறிக்கை குடுத்தாங்க. அறிக்கையில சொன்னது என்னன்னா, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துல எத்தனையோ குறை இருக்கு, ஊழலும் இருக்கு, இருந்தாலும் நியமன மன்றத்த விட அதுதான் மேல், தேர்தலத் திரும்பக் கொண்டு வாங்கன்னு. ஆளுங்கட்சி ஆளே சொல்லியும் அரசாங்கம் ஏத்துக்கல. 1976ல உள்ளாட்சிச் சட்டம் கொண்டு வந்தாங்க, சட்டம் 171, அதுல 15ஆவது பிரிவு உள்ளாட்சித் தேர்தலுக்கு நெரந்தரமா முற்றுப்புள்ளி வச்சிருச்சு. அந்த வருஷத்துலருந்து மன்றத்துக்குத் தலைவரு ஒருத்தர், 8லருந்து 24 வரைக்கும் கவுன்சிலருங்க, எல்லாரையும் மாநில அரசே போடும். ஆதி நாகப்பன் பேர்ல கேஎல்ல, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்ல ரோடு இருக்கு. ரோட்டுக்குப் பேரு வைக்கறதுல நம்ம நாட்டுக்காரங்கள அடிச்சிக்க முடியாது.

பினாங்குக்காரங்க சும்மா இருக்கல. 2008ல ஆட்சி மாறுன பிறகு 2012ல மாநிலச் சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டுச்சு, எங்க மாநிலத்துல நாங்க உள்ளாட்சித் தேர்தல் நடத்திக்கறோம்னு. கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போச்சு கேஸு. 2014ல தீர்ப்பு, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு. ஆக பினாங்குல இன்னைக்கும் நியமனந்தான். இருந்தாலும் அங்க ஒரு வித்தியாசம் இருக்கு, அத மாமாவே ஒத்துக்குவாரு. 2008ல மாநில ஆட்சிய மக்கள் மாத்துனாங்க, உடனே கவுன்சிலருங்களும் மாறுனாங்க, கட்சிக்காரங்க மட்டும் இல்லாம அரசு சாரா இயக்கத்துக்காரங்களயும் உள்ள கொண்டு வந்தாங்க. நம்ம போட்ட ஓட்டு சுத்தி வளைச்சாவது கவுன்சில் கதவு வரைக்கும் போச்சு.

கேஎல்ல அந்தச் சுத்து வழியும் இல்ல. அதே 2008ல கேஎல்லோட 11 நாடாளுமன்றத் தொகுதியில 10 தொகுதிய எதிர்க்கட்சி தூக்கிச்சு. செத்தியாவங்சா ஒண்ணுதான் அப்ப நாட்ட ஆண்ட பாரிசானுக்கு நின்னுச்சு. பதினொண்ணுல பத்து! வேற எந்த ஊரா இருந்தாலும் அந்த ஊரு நிர்வாகம் ஆடிப் போயிருக்கும். இங்க என்ன ஆச்சு? டத்தோ பண்டார் ஆபீஸ்ல ஒரு நாற்காலி கூட நகரல. ஏன்னா டத்தோ பண்டாரப் போடறது மாமன்னர், பிரதமரோட ஆலோசனைப்படி. கேஎல்ல மாநகர மன்றம்னு ஒண்ணே கெடயாது, கவுன்சிலருன்னு ஒருத்தரும் கெடயாது. சட்டப்படி டத்தோ பண்டார் ஒரு ஆள்தான் மொத்த மாநகரமும். பக்கத்துல ஒரு ஆலோசனைக் குழு உண்டு, பேருதான் சொல்லுதே, ஆலோசனை சொல்லலாம். ரோட்டத் தாண்டி பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனீங்கன்னா 24 கவுன்சிலரு இருக்காங்க, நியமனம்தான், இருந்தாலும் ஏரியாவுக்கு ஒரு ஆளு, ஃபோன் நம்பரு உண்டு, திட்டறதுக்காவது ஒரு மொகம் இருக்கு.

கேஎல்ல அந்த வேலை யாரு தலையில விழுதுன்னா எம்பி தலையில. ஞாயித்துக் கெழம காலையில ஏதாவது ஒரு எம்பியோட சேவை மையத்துக்குப் போயிப் பாருங்க. பிளாஸ்டிக் நாற்காலியில ஒரு பாட்டி, கையில சுக்காய் பிந்து, அதான் வீட்டு வரி பில்லு, நாலா மடிச்சு மடிச்சு மடிப்புல எழுத்தே அழிஞ்சு போயிருக்கும். பக்கத்துல நாசி லெமாக் ஸ்டால் லைசென்சுக்கு ஒரு அக்கா. அந்தப் பக்கம் பிபிஆர்ங்கற அரசாங்க மலிவு வீட்டுப் பிளாட்டுல லிஃப்ட் வேலை செய்யலன்னு நாலு பேரு, மலாய்க்காரரு ரெண்டு பேரு, சீன அங்கிள் ஒருத்தரு, நம்மாளு ஒருத்தரு, நாலு பேரும் ஒரே பிளாட்டு, ஒரே லிஃப்ட்டு. உள்ள இருக்கற பையன், எம்பியோட உதவியாளரு, ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் டைப் பண்ணி சீல் குத்திக் குடுப்பான். ஆதரவுக் கடிதம். அந்த லெட்டருக்கு எந்தச் சட்ட பலமும் கெடயாது, வாங்கற ஆபீசரு நல்லவரா இருந்தா நடக்கும், இல்லன்னா ஃபைல்ல போயிப் படுத்துக்கும். நாட்டோட பட்ஜெட்டு, வெளியுறவு, அரசியல் சாசனம்னு பேச வேண்டிய ஒரு எம்பி, லிஃப்ட்டுக்கும் லோங்காங்குக்கும் லெட்டர் எழுதிட்டிருக்காரு. அவரு நல்லா எழுதுனா நல்ல எம்பின்னு அடுத்த தடவையும் ஓட்டுப் போடுறோம், இதுல அவங்களையும் குத்தம் சொல்ல முடியல.

இப்ப நமக்கு நெருக்கமான ஒரு விஷயம். மஸ்ஜித் இந்தியா பக்கத்துல இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில். 2025 மார்ச்ல எல்லார் வாட்ஸ்அப்லயும் அதான் ஓடுச்சு. கோயில் நூறு வருஷத்துக்கு மேல பழசு, அது இருந்த நெலம் டிபிகேஎல்லோட, அதாவது டத்தோ பண்டார் நிர்வாகத்தோட நெலம், 2014ல அத ஜாக்கேல் நிறுவனத்துக்கு வித்திருக்காங்க, அவங்க அங்க பள்ளிவாசல் கட்டறதா இருந்தாங்க. கடைசியில பேச்சு வார்த்தை நடந்து, பக்கத்துலயே வேற எடம் குடுத்து, கோயில மாத்த ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் எரிஞ்சிட்டிருந்த நேரத்துல எல்லாரும் பள்ளிவாசலா கோயிலான்னுதான் பேசுனாங்க. நான் கேட்டது வேற. 2014ல அந்த நெலத்த விக்கலாம்னு முடிவு பண்ண நேரத்துல, “அங்க ஒரு கோயில் இருக்கே, அவங்களக் கேட்டீங்களா?”ன்னு ஒரு கூட்டத்துல கைய தூக்கிக் கேக்கறதுக்கு ஒரு ஆளு இருந்தாரா? இருக்க வழியே இல்ல, ஏன்னா அந்த மாதிரி ஒரு கூட்டமே கெடயாது. மன்றம் இருந்தா நெல விற்பனை மன்றத்துக்கு வரணும், மினிட்ஸ்ல ஏறணும், அந்த ஏரியா கவுன்சிலரு அன்னைக்கே கத்தியிருப்பாரு. கத்தியும் வித்திருக்கலாம், அது வேற. ஆனா 11 வருஷம் கழிச்சு ஊரே ரெண்டாப் பொளக்கற அளவுக்கு ஆச்சரியமா அது வந்திருக்காது.

மாமா இத ஒத்துக்க மாட்டாரு. “கவுன்சிலரு இருந்தா மட்டும்? மொதல்ல அவனுக்குத்தான் டெவலப்பரு போயி டத்தோ டத்தோன்னு மால போடுவான்.” இருக்கலாம் மாமா. நடந்திருக்கு. எங்கயோ இருக்கற ஊரக் கூடச் சொல்றேன், கலிஃபோர்னியாவுல பெல்னு ஒரு சின்ன ஊரு, முப்பத்தஞ்சாயிரம் பேரு சுமாரா, பெரும்பாலும் ஏழை ஜனங்க. அங்க நகர மேனேஜரு நியமனம், அவரப் போடற மன்றம் தேர்தல்ல வந்தது. 2010ல ஒரு பத்திரிக்கை தோண்டுனப்பதான் தெரிஞ்சுது, அந்த மேனேஜரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிட்டிருந்தாரு, அமெரிக்க அதிபர விட அதிகம். கவுன்சிலருங்களும் பங்கு போட்டுக்கிட்டாங்க. அதுக்கு வழி தெறந்து விட்ட 2005 சிறப்புத் தேர்தல்ல ஓட்டுப் போட வந்தவங்க 400 பேரு கூட இல்ல. ஓட்டு இருந்தும் போடலன்னா இதான் கதி. மேனேஜரு கடைசியில ஜெயிலுக்குப் போனாரு, ஆனா முன்ன மாதிரி இருக்கற ஊரு திரும்பி வர எத்தன வருஷம் ஆயிருக்கும்?

அதே அமெரிக்காவுலதான் இந்த மேனேஜர் ஏற்பாடே பொறந்துச்சு, அது மாமாவுக்குப் புடிச்ச கதை. ஒஹாயோவுல டேட்டன்னு ஒரு ஊரு, 1913ல பெரிய வெள்ளம், ஊரே முழுகிப் போச்சு. அப்ப இருந்த அரசியல் ஆளுங்களால சமாளிக்க முடியலன்னு ஜனங்க கடுப்பாகி, அடுத்த வருஷமே படிச்ச இஞ்சினியர் ஒருத்தர மேனேஜராப் போட்டு ஊர நடத்தச் சொல்லிட்டாங்க. அது பரவி, இன்னைக்கு டல்லாஸ், ஃபீனிக்ஸ், சான் அன்டோனியோ மாதிரிப் பெரிய ஊரே அப்படித்தான் ஓடுது. “பாத்தியா, வெள்ளம் வந்தா இஞ்சினியர்தான்!”னு மாமா தொடையத் தட்டுவாரு. மாமா, நீங்க பாதிக் கதைய விட்டுட்டீங்க. அந்த மேனேஜரப் போட்டது யாரு? ஓட்டு வாங்கி வந்த மன்றம். வேலை புடிக்கலன்னா அவர அனுப்பறது யாரு? அதே மன்றம். கல்யாணத்துக்கு சமையல்காரர ஊரு கூடி ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுக்கறோம்? இல்ல. நல்ல கைப்பக்குவம் உள்ளவரா பாத்து பொண்ணு வீட்டுக்காரங்க பேசி முடிக்கறாங்க, ஆனா சாம்பார்ல உப்பு தூக்கலா இருந்தா கேள்வி கேக்கற உரிமை பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இருக்குல்ல. கேஎல்ல சமையல்காரரு இருக்காரு, சாப்பாடும் வருது, பொண்ணு வீடு எங்கன்னுதான் தெரியல.

ஆக மேயரா மேனேஜராங்கற கேள்வியே எனக்குப் பெருசா படல. மேயர நேரடியாத் தேர்ந்தெடுத்து ஏமாந்த ஊரும் இருக்கு. இங்கிலாந்துல பிரிஸ்டல் மக்கள் 2012ல ஓட்டுப் போட்டு எங்களுக்கு மேயர் வேணும்னு கேட்டு வாங்குனாங்க, பத்தே வருஷத்துல, 2022ல, அதே மக்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பதவியே வேணாம்னு எடுத்துட்டாங்க. சென்னை கதை நமக்குத் தெரிஞ்சதுதான், 1688லருந்து இருக்கற மாநகராட்சி. 1973ல மஸ்டர் ரோல் ஊழல்னு கலைச்சாங்க, அப்புறம் 1996 வரைக்கும் தேர்தலே இல்ல, தனி அதிகாரிதான். 1996ல ஸ்டாலின் மக்களால நேரடியாத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரா வந்தாரு. அப்பவும் சரி இப்பவும் சரி, கையெழுத்துப் போடற அதிகாரம் பெரும்பாலும் ஐஏஎஸ் கமிஷனர்கிட்டதான். 2022ல 28 வயசுல பிரியான்னு ஒரு பொண்ணு மேயர் ஆச்சு, நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்ல கூட ஃபோட்டோ வந்துச்சு, எல்லாரும் கை தட்டுனோம். நல்ல விஷயம்தான், ஆனா மேயர் அங்கிக்கும் ஃபைலுக்கும் நடுவுல ஒரு அதிகாரி எப்பவும் உக்காந்திருக்காரு. தேர்தல் வச்சு பொம்மைய உக்கார வைக்கறதுக்கு, தேர்தல் இல்லாத அதிகாரியே தேவலன்னு மாமா சொன்னா அத முழுசா மறுக்க முடியாது.

இனப் பிரச்சனைங்கற வாதத்துக்கு வருவோம், ஏன்னா கடைசியில எல்லாரும் அங்கதான் வந்து நிப்பாங்க. 2018ல ஆட்சி மாறுன புதுசுல வீடமைப்பு அமைச்சரு ஜுரைடா மூணு வருஷத்துல உள்ளாட்சித் தேர்தல் வரும்னாங்க, அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே பிரதமர் மகாதீர் இல்லன்னுட்டாரு, காரணம் இன மோதல் வருமாம். மே 13 இனக் கலவரம் திரும்ப வரும்னு பயமுறுத்துனவங்களும் உண்டு. மே 13 நடந்தது 1969ல. உள்ளாட்சித் தேர்தல நிறுத்துனது 1965ல. அந்தக் கலவரம் நடக்கறப்ப நாட்டுல உள்ளாட்சித் தேர்தலே இல்லாம நாலு வருஷம் ஆச்சு. அது மட்டுமில்ல, 1952 பிப்ரவரியில கேஎல் நகராண்மைத் தேர்தல் நடந்துச்சே, அதுலதான் மலாய்க்காரங்க கட்சி அம்னோவும் சீனர் கட்சி மசீசவும் முதல் தடவையா கை கோத்து நின்னு 12 எடத்துல 9 எடத்த ஜெயிச்சாங்க. கூட்டணி, அப்புறம் பாரிசான்னு இந்த நாட்ட அறுபது வருஷம் ஆண்ட ஏற்பாட்டுக்கு வெத போட்டதே ஒரு முனிசிபல் தேர்தல்தான். இனங்க சேந்து நிக்கக் கத்துக்கிட்ட எடத்தையே இனச் சண்டை வரும்னு மூடி வச்சிருக்கோம்.

ஆனா பயம் மொத்தமும் அரசியல்வாதி கெளப்பி விட்டதுன்னு நான் சொல்லல. பிபிஆர் பிளாட்டுல இருக்கற ஒரு மலாய்க்காரரு, “தேர்தல் வந்தா பணக்காரங்க ஏரியாதான் பேசும், எங்கள யாரு கேப்பாங்க?”ன்னு நெனச்சா அதுல அர்த்தம் இருக்கு. நம்மாளுங்களுக்கும் அதே பயம் இருக்கணும், நியாயமா. தாமான் ரிம்பா கியாரா பூங்கா கேஸையே எடுத்துக்கங்க. புக்கிட் கியாரா தோட்டத்துல ரப்பர் வெட்டுன நம்ம ஜனங்க, தோட்டத்த அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு லோங்ஹவுஸ்ல கொண்டு போயி வச்சாங்க, 1980கள்லருந்து வீடு தர்றோம் வீடு தர்றோம்னு வாக்கு. சுத்தி தாமான் துன் வளந்துச்சு, வக்கீலு டாக்டருன்னு வசதியான ஏரியா. 2017ல அந்தப் பூங்கா நெலத்துல சொகுசு அடுக்குமாடி கட்ட டிபிகேஎல் அனுமதி குடுத்துச்சு, கூடவே லோங்ஹவுஸ்காரங்களுக்கும் ஒரு பிளாக்கு. தாமான் துன் மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2023 ஏப்ரல்ல கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாதுன்னு சொல்லிடுச்சு. திட்டத்துல கூட்டாளியா இருந்த அறக்கட்டளையோட வாரியத்துலயும் டத்தோ பண்டார் இருந்தாரு, அனுமதி குடுத்ததும் அவருதான், இது எப்படி சரின்னு நீதிமன்றம் கேட்டுச்சு.

எனக்கு அந்தத் தீர்ப்பு சந்தோஷம். பூங்கா பூங்காவா இருக்கட்டும். ஆனா அந்த ஏரியாவுல வார்டு தேர்தல் வச்சிருந்தா என்ன நடந்திருக்கும்னு யோசிச்சா கொஞ்சம் ஒதறுது. தாமான் துன்ல ஆயிரக்கணக்குல ஓட்டு, லோங்ஹவுஸ்ல சுமார் நூறு குடும்பம். கவுன்சிலரு எந்தப் பக்கம் சாய்வாரு? நம்ம ஜனங்களுக்கு வீடு கெடைக்கணும்னா தேர்தல் மட்டும் போதாது, வாக்கு குடுத்தத நிறைவேத்தச் சொல்ற சட்டமும் அதக் கேக்கற கோர்ட்டும் வேணும். இத எழுதாம விட்டா மாமா ஃபோன் போட்டுத் திட்டுவாரு, அவரு திட்டலனாலும் அதுதான் உண்மை.

அதனாலதான் நான் டத்தோ பண்டாருக்கு ஊரே சேந்து ஓட்டுப் போடறத விட வார்டு கவுன்சிலருக்கு ஓட்டு கேக்கறேன். ஊரு மொத்தத்துக்கும் ஒரே ஆளுன்னு தேர்தல் வச்சா, கேஎல்ல பத்துல ஒரு பங்கு இருக்கற நம்ம ஜனங்க ஓட்டு தீபாவளிக்கு ஹேம்பர் குடுத்து வாங்கற ஓட்டாத்தான் இருக்கும், பொதுத் தேர்தல்லயே அதப் பாக்கறோமே. வார்டுன்னு வந்தா கணக்கு மாறும். செந்தூல்ல, பிரிக்பீல்ட்ஸ்ல, பத்து தொகுதிப் பக்கத்து பிளாட்டுங்கள்ல நம்ம ஓட்ட ஒதுக்கிட்டு ஒருத்தன் ஜெயிக்க முடியாது. தாமான் துன் மாதிரி எடத்துல நாம தோப்போம், அதுவும் நடக்கும். ஆனா எல்லா வார்டும் சேந்து உக்கார்ற மன்றத்துல செந்தூல் கவுன்சிலரு லோங்ஹவுஸ் பத்திக் கேக்கலாம், இப்ப அதக் கேக்க எம்பி லெட்டரு மட்டுந்தான் இருக்கு. அந்த மன்றம் உள்ளருந்தே ஒரு நல்ல இஞ்சினியரப் புடிச்சு டத்தோ பண்டாராப் போடட்டும், மைமுனா மாதிரி இராஜேந்திரன் மாதிரி ஆளுங்களப் போடட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. நெல விற்பனை, பெரிய அனுமதி, பட்ஜெட்டு மூணும் மன்றத்துல தெறந்த கதவோட வரணும், ஆளு சரியில்லன்னா மூணு மாச நோட்டீஸ்ல மன்றம் அனுப்பணும்.

இதுக்கு அரசியல் சாசனத்தத் திருத்தி மூணுல ரெண்டு பங்கு ஆதரவு தேடணும்னு அவசியமில்ல. மத்த மாநிலத்துக்கு 1976 சட்டத்தோட 15ஆவது பிரிவ எடுக்கணும், கேஎல்லுக்கு 1960ஆம் வருஷத்து கூட்டரசுத் தலைநகரச் சட்டத்தத் திருத்தணும், ரெண்டும் நாடாளுமன்றத்துல சாதாரண பெரும்பான்மையில நடக்கற வேலை. எதிர்க்கட்சியா இருக்கறப்ப இதக் கேட்டு ஊர்வலம் போனவங்கதான் இன்னைக்கு அமைச்சரா இருக்காங்க. கேட்டா ஆய்வு நடக்குது, சூழ்நிலை கனியணும்ங்கறாங்க. 1968லயே ஆய்வு முடிஞ்சிருச்சுங்க, அச்சடிச்சே வச்சிருக்காங்க.

மாமாகிட்ட போன வாரம் இந்தக் கணக்கெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. “சரி மாப்ள, வார்டு கவுன்சிலரு வரட்டும். நீ நிப்பியா?”ன்னாரு. நான் ஏன் மாமா நிக்கணும், எனக்கு வேலை இருக்குன்னேன். “எல்லாருக்கும் வேலை இருக்கு. வேலை இல்லாதவன்தான் நிப்பான், அப்புறம் அவன்தான் இஞ்சினியர அனுப்பப் போறான்”னு சொல்லிட்டு அக்காகிட்ட ஃபோனக் குடுத்துட்டாரு.